புல்லட்டைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு டிராலி: அளவு எடுப்பதிலிருந்து ஏற்றி நிறுத்துவது வரை

பெங்களூரில் முப்பதுக்கு நாற்பது சைட்டில் நாலு மாடி எழுப்பிவிட்டு, கீழே தூண்களுக்கு நடுவில் விடும் பார்க்கிங்கில் எட்டு பைக்கும் ஒரு காரும் நிற்கவேண்டும். கார் வெளியே போகும்போது சுவரோரம் இருக்கும் பைக்கை ஒரு அடி தள்ளிவைக்க வேண்டியிருக்கும். ஆக்டிவா, ஸ்பிளெண்டர் என்றால் பிரச்சினை இல்லை. சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் பிடித்துத் தூக்கித் திருப்பிவிடலாம். அவற்றுக்கு இந்த வேலை வேண்டாம். ராயல் என்ஃபீல்டின் புல்லட், கிளாசிக் மாதிரி கனமான வண்டிகளுக்குத்தான் டிராலி. சிலர் வண்டியைச் சைடு ஸ்டாண்டின் மேல் சாய்த்துப் பம்பரமாகச் சுற்றுவார்கள். ஸ்டாண்டு வளைவதும், அது மாட்டியிருக்கும் பிராக்கெட் விரிசல் விடுவதும் அப்படித்தான்.

பனி கொட்டும் நாடுகளில் ஸ்னோமொபைலை ஷெட்டுக்குள் நகர்த்த இதே மாதிரி டிராலி செய்துகொள்கிறார்கள். அந்த வண்டிக்குச் சக்கரமே கிடையாது. நம் பைக்குக்குச் சக்கரம் இருக்கிறது, ஆனால் பக்கவாட்டில் போகாது. வேண்டியது அந்த ஒன்றுதான்.

கீழே உள்ள அளவுகள் 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக் 350-ஐ வைத்துச் சொல்லப்பட்டவை: எடை 195 கிலோ, வீல்பேஸ் 1390 மி.மீ., முன் டயர் 100/90-19, பின் டயர் 120/80-18. உங்கள் வண்டி வேறு என்றால் நான்கு அளவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கிளாசிக்கே என்றாலும் கடைசி இரண்டை எடுக்கவேண்டும். முதலாவது, முன் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து பின் டயர் தொடும் இடம் வரையுள்ள தூரம், அதாவது வீல்பேஸ். இரண்டாவது, பின் டயரின் அகலம். மூன்றாவதும் நான்காவதும் சைடு ஸ்டாண்டின் பாதம் பற்றியவை: அது டயர்களின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு இடப்பக்கம் தள்ளி விழுகிறது, முன் டயர் தொடும் இடத்திலிருந்து எவ்வளவு பின்னால் விழுகிறது. ஸ்டாண்டு அளவை வண்டியைச் சாய்த்து நிறுத்தியபடியே எடுக்கவேண்டும். நிமிர்த்திப் பிடித்து எடுத்தால் தப்பாகிவிடும்.

முதலில் சக்கரம்

இரும்பு வாங்கும் முன் கேஸ்டர் வீலை (பிளேட்டோடு வரும், திரும்பக்கூடிய சின்னச் சக்கரம்) வாங்கி மேஜைமேல் வையுங்கள். இரண்டு கேஸ்டர்களில் சக்கரத்தின் அளவு ஒன்றாக இருந்தாலும் மொத்த உயரம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பிளேட்டின் துளை இடைவெளியும் அப்படியே. வரைந்த படத்தை நம்பித் துளை போட்டுவிட்டு, பிறகு கேஸ்டரைத் தேடி அலைவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் வீண்செலவு.

எஸ்.ஜே.பி. ரோடு, கே.ஆர். மார்க்கெட் பக்கத்து ஹார்டுவேர் கடைகளில் 2 அங்குலம் முதல் 8 அங்குலம் வரை கிடைக்கும். 2 அங்குலச் சக்கரம் பார்க்கக் கச்சிதமாக இருக்கும், டிராலியும் தாழ்வாக அமையும். ஆனால் நம் ஊர்ப் பார்க்கிங் தரையைப் பாருங்கள்: கட்டம் போட்ட பார்க்கிங் டைல்ஸ், இல்லாவிட்டால் இடைவெளி விட்டுப் பதித்த சாதரஹள்ளி கிரானைட் கல், நடுவில் மழைநீர் போக ஒரு சாக்கடை மூடி. 240 கிலோ ஏறிய 2 அங்குலச் சக்கரம் அந்த இடுக்கில் உட்கார்ந்தால் எழாது. நீங்கள் தள்ளத் தள்ள டிராலி நின்றுவிடும், மேலே இருக்கும் வண்டி சாயப் பார்க்கும். எனவே குறைந்தது 3 அங்குலம், அதாவது 75 மி.மீ. அதற்கு மேல் போனால் மேடை உயர்ந்து ஏற்றுவது கஷ்டமாகிவிடும்.

எடை தாங்கும் கணக்கு இது. வண்டி 195 கிலோ, டிராலி சுமார் 46 கிலோ, ஆக 241. ஐந்து சக்கரம் இருந்தாலும் மேடுபள்ளத் தரையில் ஒரு நேரத்தில் மூன்றுதான் சரியாகத் தரையைத் தொடும். 241-ஐ 3-ஆல் வகுத்தால் 80. ஆகவே ஒவ்வொன்றும் 100 கிலோ தாங்குவதாக இருக்கட்டும். மொத்தத்தை ஐந்தால் வகுத்து, 50 கிலோ கேஸ்டர் போதும் என்று முடிவு கட்டாதீர்கள்.

சக்கரம் பியு (பாலியூரித்தேன்) ஆக இருப்பது நல்லது. கறுப்பு ரப்பர், வண்டி மாதக்கணக்கில் நின்றால் அடியில் தட்டையாகிவிடும். பிறகு ஒவ்வொரு சுற்றுக்கும் கடக் கடக் என்று இடிக்கும். நைலான் லேசாக உருளும், ஆனால் சின்னக் கல் ஒன்று அடியில் மாட்டினாலும் அப்படியே நின்றுவிடும், இரவு பதினொரு மணிக்கு நகர்த்தினால் முதல் மாடிவரை கேட்கும். ஐந்துமே நாலாபக்கமும் திரும்புகிற கேஸ்டராக இருக்கவேண்டும். மூலைக்கு ஒன்றாகப் போகும் நான்கிலாவது பிரேக் வேண்டும். சக்கரத்தை மட்டும் பிடிக்கும் பிரேக்கைவிட, சக்கரத்தையும் திரும்பும் தலையையும் சேர்த்துப் பூட்டுவது மேல். தலை பூட்டாவிட்டால் பிரேக் போட்ட பிறகும் டிராலி இரண்டு அங்குலம் ஆடும்.

வாங்கவேண்டியவை

50×50×5 மி.மீ. எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) ஆங்கிள், அதாவது எல் வடிவ இரும்பு, 6 மீட்டர் நீளம் ஒன்று. எடை சுமார் 23 கிலோ.
100×12 எம்.எஸ். பட்டை, 2 மீட்டர். எடை சுமார் 19 கிலோ.
5 மி.மீ. தகடு: 300×140 அளவில் இரண்டு, 200×200 அளவில் ஒன்று.
40×5 பட்டை, 160 மி.மீ. துண்டு இரண்டு.
20 மி.மீ. சதுரக் கம்பி, 150 மி.மீ. நீளத்தில் ஒன்று. ஸ்டாண்டுத் தகட்டின் மூன்று விளிம்புக்கு 8 மி.மீ. கம்பி.
75 மி.மீ. கேஸ்டர் ஐந்து, அவற்றின் துளைக்குப் பொருந்தும் போல்ட், நைலாக் நட்டு (உள்ளே நைலான் வளையம் உள்ளது) 20 ஜோடி, வாஷர் 40.
ஏற்றுப் பலகைக்கு 18 மி.மீ. பிளைவுட் 900×200, 3×2 அங்குல மரச்சட்டம் 900 மி.மீ. நீளத்தில் இரண்டு.
ரெட் ஆக்சைடு பிரைமர், எனாமல் பெயின்ட், 25 மி.மீ. ராச்செட் பெல்ட் (இழுத்து இறுக்கிக் கட்டுவது) இரண்டு.

ஜி.ஐ. இரும்பு துருப்பிடிக்காதே என்று அதை வாங்கிவிடாதீர்கள். வெல்டிங் செய்யும்போது மேல்பூச்சில் இருக்கும் துத்தநாகம் புகையாகும், அது உடம்புக்கு ஆகாது. வீட்டில் வெல்டிங் மெஷின் இல்லாவிட்டால் தெருவில் இருக்கும் கிரில் ஒர்க்ஸ் கடையே போதும். வெட்டுவது, துளை போடுவது, ஒட்டுவது எல்லாம் அரை நாள் வேலை. கடைக்காரர் "எதுக்கு சார் பன்னெண்டு, ஆறு மி.மீ. போதும்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். இந்தப் பட்டையின் இரு முனையிலும் கேஸ்டர், நடுவில் வண்டி. 6 மி.மீ. போட்டால் அது வில்லாக வளையும். வளைந்தால் கேஸ்டரின் தலை சாய்ந்து நிற்கும், சாய்ந்த தலை லேசில் திரும்பாது. டிராலி சாமான் எல்லாம் சரியாக இருந்தும் "திரும்பமாட்டேங்குது" என்று சொல்பவர்களின் டிராலியில் பெரும்பாலும் இந்த வளைவுதான் இருக்கும்.

கட்டும் வரிசை

ஆங்கிளிலிருந்து 1900 மி.மீ. துண்டு இரண்டு வெட்டுங்கள். இரண்டையும் எதிரெதிராக வைத்தால், நிற்கும் பக்கம் வெளியே சுவராகவும் படுத்த பக்கம் உள்ளே திண்ணையாகவும் ஒரு தொட்டி மாதிரி அமையும். சுவருக்குச் சுவர் உள் இடைவெளி 150 மி.மீ. பின் டயர் 120 தான், ஆனால் சைடு ஸ்டாண்டில் வண்டி சாயும்போது டயரும் சாயும். இடைவெளியை 130 ஆக்கினால் டயரின் தோள் சுவரில் உரசி, வண்டி முழுசாகச் சாயாமல் ஸ்டாண்டின் பாதம் அரைகுறையாகத் தொங்கும். தொட்டியின் நடுவில் 60 மி.மீ. பிளவு இருக்கும், அது இருக்கட்டும்.

முன்முனையிலிருந்து 300 மி.மீ.யில் ஒரு கோடு போடுங்கள், அங்கே முன் டயர் நிற்கும். அதிலிருந்து 1390 தள்ளி, அதாவது 1690-இல் இன்னொரு கோடு, அது பின் டயருக்கு. இந்த இரண்டு கோடும்தான் முக்கியம். குறுக்குப் பட்டைகள் இரண்டும் சரியாக இந்தக் கோடுகளுக்கு அடியில் வரவேண்டும். கேஸ்டரைத் தொட்டியின் முனைகளில் வைத்தால்தான் உறுதி என்று தோன்றும். அப்படி வைத்தால் டயரின் எடை கேஸ்டருக்கு நேராக இறங்காமல் தொட்டியின் நடுப்பகுதியைத் தொய்யவைக்கும்.

100×12 பட்டையில் 720 மி.மீ. துண்டு இரண்டு, 540 மி.மீ. துண்டு ஒன்று வெட்டுங்கள். வெல்டிங்குக்கு முன்பே, தனித்தனியாக இருக்கும்போதே கேஸ்டர் துளைகளைப் போட்டுவிடவேண்டும். கேஸ்டரின் நடு, பட்டையின் முனையிலிருந்து 50 மி.மீ. உள்ளே வரட்டும். 720 துண்டுகளின் நடுவைத் தொட்டியின் நடுவோடு பொருத்தினால் கேஸ்டருக்குக் கேஸ்டர் 620 மி.மீ. கிடைக்கும். கிளாசிக்கின் ஹேண்டில்பார் 785 மி.மீ. என்பதால் இந்த இரண்டு பட்டையும் வண்டியின் அகலத்துக்குள்ளேயே அடங்கிவிடும்.

540 துண்டு சைடு ஸ்டாண்டுக்கு. அதன் வலது முனை தொட்டியின் வலது வெளிவிளிம்போடு முடியும், இடது முனை தொட்டியிலிருந்து 380 மி.மீ. வெளியே நீளும், அங்கே ஐந்தாவது கேஸ்டர். முன்பே எடுத்த ஸ்டாண்டு அளவின்படி, பாதம் விழும் இடத்துக்கு நேர் அடியில் இந்தப் பட்டை வரட்டும். அதன்மேல் 200×200 தகட்டை ஒட்டுங்கள். தொட்டியின் திண்ணை 5 மி.மீ. கனம், இந்தத் தகடும் 5 மி.மீ. திண்ணைமேல் டயருக்குப் போடும் தகடு இன்னொரு 5 மி.மீ. சேரும் என்பதால் டயர் ஸ்டாண்டைவிட 5 மி.மீ. உயரத்தில் இருக்கும். அது பரவாயில்லை, வண்டி ஒரு மயிரிழை கூடச் சாயும். நேர்மாறாக ஸ்டாண்டுத் தகடு உயர்ந்துவிட்டால்தான் ஆபத்து. வண்டி நிமிர்ந்து நிற்கும், இடப்பக்கத்திலிருந்து யாராவது தெரியாமல் இடித்தால் வலப்பக்கம் விழும். கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி நெருக்கிய பார்க்கிங்கில் இடிப்பதற்கு ஆளா இல்லை? இந்தத் தகட்டின் மூன்று விளிம்பிலும் 8 மி.மீ. கம்பி ஒன்றை ஒட்டிவிட்டால் ஸ்டாண்டு நழுவாது.

இப்போது எல்லாவற்றையும் சமதரையில் தலைகீழாக அடுக்கி, மூலைமட்டம் வைத்துப் பார்த்து, புள்ளிப் புள்ளியாக மட்டும் பற்றவையுங்கள். முன்முனை அடியிலும் பின்முனை அடியிலும் 40×5 பட்டைத் துண்டுகள். மூலைக்கு மூலை குறுக்களவு இரண்டும் சமமா என்று டேப் பிடித்துப் பாருங்கள். சமமானால் முழு வெல்டிங். 3.15 மி.மீ. 6013 வெல்டிங் ராடு போதும். ஒரே பக்கம் தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் இழுத்துக்கொண்டு தொட்டி முறுக்கிக்கொள்ளும். 40 மி.மீ. ஒரு பக்கம், அடுத்த 40 எதிர்ப்பக்கம் என்று மாறி மாறிப் போடச் சொல்லுங்கள். முறுக்கிய சட்டத்தில் ஒரு கேஸ்டர் எப்போதும் காற்றில் தொங்கும்.

நிமிர்த்தி வைத்து, இரண்டு கோட்டின் மேலும் 300×140 தகடுகளைத் திண்ணையில் ஒட்டுங்கள். டயர் நாள்கணக்கில் நிற்கும்போது திண்ணையின் விளிம்பு அதில் பதியாமல் இருக்க இது. முன் டயருக்குத் தடுப்பு இரண்டு வேண்டும். மிச்சமிருக்கும் ஆங்கிளில் 250 மி.மீ. கால் இரண்டும் 160 மி.மீ. குறுக்கு ஒன்றும் வெட்டி, தொட்டியின் முன்முனையில் ஒரு வாசல் மாதிரி நிறுத்துங்கள். குறுக்கு, தகட்டிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் டயரைத் தொடவேண்டும். இந்த 19 அங்குலச் சக்கரத்துக்கு அந்தத் தொடும் புள்ளி முன் கோட்டிலிருந்து 275 மி.மீ. அளவில் முன்னால் வரும். இரண்டாவது தடுப்பு 20 மி.மீ. சதுரக் கம்பி: முன் கோட்டிலிருந்து 110 மி.மீ. பின்னால், தகட்டின்மேல் குறுக்காக. டயர் அதை ஏறித் தாண்டி இறங்கும்போது "தொப்" என்று உட்கார்வது கையிலேயே தெரியும். அதன்பின் வண்டி முன்னும் போகாது, பின்னும் போகாது. இந்த இரண்டையும் அளவை மட்டும் நம்பி ஒட்டாமல், முன் சக்கரத்தை ஏற்றி வைத்துக் குறித்துக்கொண்டு ஒட்டுவது நல்லது.

கேஸ்டரை ஒருபோதும் பற்றவைக்காதீர்கள். சூட்டில் உள்ளே இருக்கும் கிரீஸ் உருகி ஓடிவிடும், பிறகு மாற்றவும் முடியாது. போல்ட் போட்டு நைலாக் நட்டால் இறுக்குங்கள். பிரைமர் இரண்டு கோட்டு, பெயின்ட் ஒரு கோட்டு. கேஸ்டர் இருக்கும் முனைகளுக்கு மட்டும் மஞ்சள் அடியுங்கள். இருட்டில் கணுக்காலில் இடிக்கும் இடம் அதுதான்.

ஏற்றுப் பலகை

கேஸ்டரின் மொத்த உயரம் 108 என்றால், பட்டை 12, திண்ணை 5: மேடை உயரம் 125 மி.மீ. இதற்கு 900 மி.மீ. நீளமுள்ள பலகை வேண்டும். அரை மீட்டரில் முடித்தால் சரிவு செங்குத்தாகி, இரண்டு பேரும் தோளைக் கொடுக்கவேண்டியிருக்கும். வெறும் 18 மி.மீ. பிளைவுட் நடுவில் தொய்ந்து முறியும். அடியில் மரச்சட்டம் இரண்டையும் நெட்டுக்கு நிறுத்தி ஸ்க்ரூ போடுங்கள், தரையைத் தொடும் முனையைச் சீவிவிடுங்கள். மேல்முனையில் 140 மி.மீ. ஆங்கிள் துண்டு ஒன்றைத் தொட்டியின் திண்ணைமேல் உட்காரும்படி மாட்டுங்கள். அந்தத் துண்டிலும் தொட்டியின் பின்முனைப் பட்டையிலும் நேராக ஒரு 10 மி.மீ. துளை. ஏற்றும்போது எம்8 போல்ட்டை அதில் சும்மா போட்டுவிட்டால் போதும். இந்த ஒரு போல்ட் இல்லாமல்தான் பலகை நழுவி, வண்டி அந்தரத்தில் நிற்கும்.

வண்டி ஏற்றும் முன்

நான்கு சிமென்ட் மூட்டை, ஒவ்வொன்றும் 50 கிலோ. இரண்டை முன் கோட்டின்மேல், இரண்டைப் பின் கோட்டின்மேல் வைத்துப் பெல்ட்டால் கட்டி, பார்க்கிங் முழுக்க ஒரு சுற்று ஓட்டுங்கள். பட்டை வளைகிறதா, எந்தக் கேஸ்டர் திரும்ப மறுக்கிறது, வெல்டிங்கில் மயிர்க்கோடு மாதிரி விரிசல் தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மூட்டை கிழிந்தால் போவது சிமென்ட். வண்டி விழுந்தால் டேங்க்கோடு சைலன்ஸரும் போகும்.

ஏற்றுவது

இரண்டு பேர் கட்டாயம். டிராலியின் மூக்கைச் சுவரோடு ஒட்டி நிறுத்துங்கள், நடுவில் ஒரு பழைய டயர்த் துண்டு வைத்தால் சுவர் பெயரப் பயமில்லை. பிரேக் எல்லாம் போட்டு, பின்முனை அடியில் 120 மி.மீ. மரக்கட்டை ஒன்றைச் செருகுங்கள். பிரேக்கை மட்டும் நம்பினால், முன் டயர் பலகையில் மோதும்போது டிராலி முன்னால் ஓடும்.

இன்ஜின் அணைந்திருக்க வேண்டும், கியர் நியூட்ரல். ஒருவர் இடப்பக்கம் நின்று ஹேண்டில்பாரைப் பிடித்து, வலது கை விரல் முன் பிரேக்கில் இருக்க, நேராகத் தள்ளவேண்டும். மற்றவர் பின்னால் கேரியரையோ கிராப் ரெயிலையோ பிடித்துத் தள்ளுவார். முதல் கியரில் இன்ஜின் போட்டு ஓட்டியே ஏற்றிவிடலாம் என்ற யோசனை வரும். வேண்டாம். ஏறும் தூரம் மூன்று மீட்டர்கூட இல்லை. கிளட்ச் கொஞ்சம் அதிகம் விட்டால் முன் தடுப்பும் சுவரும்தான் வண்டியை நிறுத்தும்.

இடப்பக்கம் நடப்பவர் ஸ்டாண்டுப் பட்டையைத் தாண்டிக் காலை வைக்கவேண்டும், மேலே மிதிக்கக்கூடாது. முன் டயர் கம்பியைத் தாண்டி உட்கார்ந்ததும் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதல் கியரைப் போட்டுவிட்டு, சைடு ஸ்டாண்டைத் தகட்டின்மேல் இறக்குங்கள். கையை உடனே எடுக்காதீர்கள், ஸ்டாண்டின் பாதம் தகட்டின் நடுவில் இருக்கிறதா என்று பின்னால் இருப்பவர் குனிந்து பார்க்கட்டும். பிறகு பெல்ட் இரண்டையும் ஹேண்டில்பாருக்குக் கீழே, ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கிளாம்பில் சுற்றி முன் பட்டையின் இரு முனையிலும் மாட்டுங்கள். ஃபோர்க் ஒரு விரற்கடை அமுங்கினால் போதும். அதற்குமேல் இறுக்கினால் ஆயில் சீல் பாழ்.

நகர்த்தும்போது ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளாதீர்கள். உயரத்தில் தள்ளினால் வண்டிதான் சாயும். தடுப்பு வாசலையும் தொட்டியின் பின்முனையையும் பிடித்து, தாழ்வாகத் தள்ளுங்கள். திசை மாற்றும்போது ஐந்து கேஸ்டரும் திரும்பவேண்டும், அதனால் முதல் சில அங்குலம் மெதுவாக. சாக்கடை மூடியைத் தாண்டவேண்டுமானால் அதன்மேல் பிளைவுட் துண்டு ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

பேஸ்மென்ட் சரிவுப் பாதையில் இந்த டிராலி கூடவே கூடாது. ஐந்து சக்கரமும் திரும்புகிற எதுவும் சரிவில் தன் இஷ்டத்துக்குப் போகும், 240 கிலோவை இரண்டு பேர் பிடிக்க முடியாது. சமதளப் பார்க்கிங்கிலும் தண்ணீர் ஓடுவதற்காகத் தெருப்பக்கம் லேசாகச் சாய்த்திருப்பார்கள், கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தியதும் பிரேக்கோடு இரண்டு சக்கரத்துக்கு மரக் கட்டையும் கொடுங்கள்.

இறக்கும்போது இதே வரிசையைப் பின்னிருந்து முன்னாகச் செய்யவேண்டும், ஒரு வித்தியாசத்தோடு: வண்டி பின்பக்கமாக இறங்குவதால், பின்னால் இருப்பவர் வண்டிக்கு நேர் பின்னே நிற்காமல் ஒரு பக்கமாக நின்று பிடிக்கவேண்டும். முன் பிரேக் பிடித்திருப்பவர்தான் வேகத்தைத் தீர்மானிப்பார். சைடு ஸ்டாண்டு மடிந்திருக்கிறதா என்பதைப் பலகையில் இறங்கும் முன் பார்த்துவிடுங்கள்.

பராமரிப்பு என்று பெரிதாக ஒன்றுமில்லை. சக்கரத்தின் அச்சில் நூலும் முடியும் சுற்றிக்கொள்ளும், பிளேடால் அறுத்து எடுங்கள். மழைக்காலத்தில் பார்க்கிங்கில் தண்ணீர் நின்றால் கேஸ்டர் தலைக்குள் சேறு போகும், கழுவிக் காயவைத்துக் கிரீஸ் வையுங்கள். முதல் வாரம் கழித்து 20 நட்டையும் ஒரு முறை ஸ்பானர் போட்டுப் பாருங்கள், பெயின்ட் உட்கார்ந்ததும் ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும்.